ஒரு ரூபாய்த் திருநீறு

எனக்குக் கூவி விற்க வராது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதை ஓரமாகத் தார்ப்பாய் விரித்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ருத்ராட்ச மாலை விற்றுக்கொண்டிருந்தோம். அத்தனை வருடத்தில் "வாங்க வாங்க" என்று ஒரு தடவைகூட நான் சத்தமாகச் சொன்னதில்லை. மாலை கோப்பது நான், பேசுவது என் மனைவி. அவள் டீ குடிக்க எழுந்து போனால் வியாபாரமும் அவளோடு எழுந்து போய்விடும். யாராவது குனிந்து ஒரு மாலையை எடுத்து விலை கேட்டால் விரலைக் காட்டுவேன். மூன்று விரல் என்றால் முந்நூறு. ஒரு முறை சேலத்து அம்மா ஒருவர் என்னை வாய் பேச முடியாதவன் என்று நினைத்துக்கொண்டு, கேட்டதற்கு மேல் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் வளைவு தாண்டிப் போய்விட்டார்.

இதையெல்லாம் பார்த்து அலுத்துப்போனவள் என் தங்கை. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறாள். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் அவள் விரல் வழியாகத்தான் போகும். ஒரு நாள் வந்து, "அண்ணா, நீ வாயே தொறக்காம விக்கிறதுக்கு ஒரு வழி இருக்குது" என்றாள். மாடியில் என் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் மாலைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள். நாலே நாளில் இணையத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பேன். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும். கூட்டிக் கூட்டிப் படித்தால் வார்த்தையும் வரும், அர்த்தம்தான் கூட வராது. ஆனால் என் கையெழுத்து நன்றாக இருக்கும். முகவரியைத் திரையில் பார்த்து அச்சு மாதிரி எழுதிவிடுவேன். ஆர்டர் வரும். மாலை கோப்பேன், முடிச்சுப் போடுவேன், டப்பாவில் வைத்து முகவரி எழுதித் தபால் ஆபீசில் கொடுப்பேன். பேரம் கிடையாது. "போன மாசம் இதவிடக் கம்மியா குடுத்தீங்களே" கிடையாது. தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டேன். பௌர்ணமி அன்று நானும் எல்லோரையும் போலக் கையை வீசிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தேன். அந்த மூன்று வருடம்தான் என் வாழ்க்கையிலேயே நிம்மதியான வியாபாரம்.

அந்தச் சமயத்தில்தான் மனைவிக்கு முழங்கால் வலி வந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே, இணையக் கடை போய்விட்டால் தார்ப்பாயில் உட்கார வேண்டியது நான் மட்டும்தான், கூவ வேண்டியதும் நான்தான். 

இனித் திருநீறு விஷயத்துக்கு வருகிறேன். மாலை வாங்குகிறவர்கள் அடிக்கடி, அண்ணாமலையிலிருந்து கொஞ்சம் விபூதியும் அனுப்புங்களேன் என்று எழுதிக் கேட்பார்கள். அதையும் கடையில் ஒரு பொருளாக வைத்துவிடலாம் என்றாள் தங்கை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. திருநீற்றை விற்கக் கூடாது, கேட்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். சரி, இலவசம் என்று போடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் விலை போடும் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் சிவப்புக் கோடு வந்தது. எத்தனை தடவை போட்டாலும் அதே சிவப்புக் கோடு. கடைசியில் தங்கை ஒன்று என்று போட்டாள். ஏற்றுக்கொண்டது. ஒரு ரூபாயும் விலைதானே என்றாள் மனைவி. அது விலை இல்லை, மொய்க் கவரில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் மாதிரி என்று நான் சொன்னேன். நான் அபூர்வமாகப் பேசுவதால் வீட்டில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஒத்துக்கொண்டாள்.

சாதாரணத் தபால் கவரில் வைத்து, ஐந்து ரூபாய் ஸ்டாம்பு நாங்களே ஒட்டி அனுப்புவோம். வாரத்துக்கு நாலு, ஐந்து போகும். அதைப் புண்ணியக் கணக்கில் வைத்திருந்தாள் மனைவி.

போன கார்த்திகை தீபம் முடிந்து மூன்றாம் நாள். காலையில் மாலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் ஒரு தடவை சிணுங்கியது. மறுபடி சிணுங்கியது. அப்புறம் நிற்கவே இல்லை. கொதிக்கிற குக்கர் மாதிரி, எடுத்துக் கீழே வைக்கலாமா என்று பயமாக இருந்தது. பார்த்தால் எல்லாம் ஆர்டர். எல்லாம் திருநீறு.

மனைவி சமையல்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். "தீபம் பாக்க வர முடியாதவங்க எல்லாரும் கேக்கறாங்க" என்றாள்.  எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தீபம் முடிந்த மூன்றாம் நாள், மலைமேல் ஜோதி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. வேறு எப்படித் தோன்றும்?

தங்கை இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். அவள் கணவர் வீட்டில் ஒரு காதுகுத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போயிருந்தாள். போன் செய்து கேட்டிருக்கலாம். விசேஷ வீட்டில் போன் செய்தால் யாராவது வேறு ஆள் எடுப்பார்கள், அவர்களிடம் பேச வேண்டி வரும் என்று நான் விட்டுவிட்டேன்.

முகவரிகளில் வித்தியாசம் இல்லாமல் இல்லை. பெயர்கள் வெள்ளைக்காரப் பெயர்களாக இருந்தன. ஊர்கள் பட்னா, நாக்பூர், மதுரை என்று நம் ஊர்களாக இருந்தன. வேறு ஊர்க்காரன் இதைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பான். நாங்கள் எப்படிச் சந்தேகப்படுவோம்? எங்கள் தெருமுனையில் பால் வாங்க வரிசையில் நிற்பதே மூன்று வெள்ளைக்காரர்கள். ஒருவர் வேட்டி கட்டியிருப்பார், ஒருவர் பத்து வருடமாகச் செருப்புப் போடாதவர், இன்னொரு அம்மா கீரைக்காரியிடம் தமிழில் சண்டை போடுவார். பட்னாவில் ஒரு வெள்ளைக்காரர் திருநீறு கேட்கிறார் என்றால், நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன்.

சில பெயர்கள் பெயர் மாதிரியே இல்லை. ஏ, எஸ், டி, எஃப் என்று நாலே எழுத்து. இனிஷியல் ஜாஸ்தி, பேர் கம்மி என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்காக ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் நானே ஒரு புள்ளி வைத்து எழுதினேன்.

இரண்டு நாளில் முந்நூற்றுச் சொச்சம் ஆர்டர். வீட்டில் சமையல் நின்றது. இட்லி கடையிலிருந்து வந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தில் திருநீறு மடித்தாள். நான் எழுதினேன். எழுதி எழுதி நடுவிரலில் வீக்கம். ஸ்டாம்பு வாங்கப் போனபோது, தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மா, இவ்வளவு ஸ்டாம்பை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். "விபூதி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ஸ்டாம்பை எண்ண ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் போன் சுத்தமாக ஓய்ந்தது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு நீளமான மின்னஞ்சல் வந்தது. தீபாவளித் தள்ளுபடி மாதிரி ஏதோ என்று நினைத்து மூடிவிட்டேன்.

தங்கை காதுகுத்து முடிந்து முறுக்கு, அதிரசத்தோடு வந்தாள். மனைவி பெருமையாகப் போனை எடுத்து நீட்டினாள். தங்கை பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். அப்புறம் அந்த மின்னஞ்சலைத் திறந்து படித்தாள். அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"அண்ணா, இது ஆர்டர் இல்ல. திருட்டு கார்டு."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தவரைக்கும் சொல்கிறேன். எங்கோ ஒரு கும்பலிடம் ஆயிரக்கணக்கில் கார்டு நம்பர்கள் இருக்கின்றன, எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுடையவை, எல்லாம் திருடியவை. அவற்றில் எது உயிரோடு இருக்கிறது, எதை உரியவர் ரத்து செய்துவிட்டார் என்று திருடனுக்குத் தெரியாது. அதனால் முதலில் ஏதாவது சின்னப் பொருளாகப் பார்த்து வாங்குகிறான். பணம் போனால் கார்டு வேலை செய்கிறது. அப்புறம் வேறு கடையில் போய்ப் பெரிதாக வாங்குவான். சின்ன விலையாக இருந்தால் கார்டுக்காரர் கண்ணில் படாது. இணையம் முழுக்கத் தேடி, உலகத்திலேயே சின்ன விலையாக அவன் கண்டுபிடித்தது எங்கள் திருநீறு. அதை அவன் கையால்கூடச் செய்யவில்லை. ஒரு கம்ப்யூட்டரை முடுக்கிவிட்டு, அவன் வேறு வேலை பார்க்கப் போயிருப்பான். முகவரியெல்லாம் வாய்க்கு வந்தது; ஏ, எஸ், டி, எஃப் என்பது யார் பெயரும் இல்லை, கீபோர்டில் அடுத்தடுத்து இருக்கும் நாலு எழுத்து. இங்கே ஆசிரமத்துக்கு வந்து போகும் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரிலிருந்து மாலை வாங்கட்டும் என்று வெளிநாட்டுக் கார்டுக்கு வழி திறந்து வைத்திருந்தோம். அதற்கு நம் ஊர் மாதிரி ஓ.டி.பி. கேட்பதில்லை.

"திருடன் திருநீறு வாங்கினானா?" என்றாள் மனைவி.

"வாங்கல அண்ணி. தொட்டுப் பாத்தான்."

"தொட்டதுதான் தொட்டான், நெத்தியில கொஞ்சம் பூசிகினு போயிருக்கலாம். புத்தி வந்திருக்கும்."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரே நிமிஷத்துல பதினாலு ஆர்டர் வந்திருக்குது அண்ணி. ஒரே நிமிஷத்துல பதினாலு பேருக்கு விபூதி ஞாபகம் வருமா?"

"தீபம் ஏத்துற நிமிஷத்துல அத்தன லட்சம் பேருக்கும் வருதே."

 எனக்கு மனைவியைப் பிடித்திருந்தது அந்த நேரத்தில்.

அந்த மின்னஞ்சல், கார்டுப் பணத்தை வசூலித்து எங்களுக்குக் கொடுக்கும் கம்பெனியிடமிருந்து வந்தது. எங்கள் கணக்கை நிறுத்திவிட்டார்கள். கார்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் புகார் கொடுக்க, ஒவ்வொரு புகாருக்கும் எங்கள் பேரில் அபராதம் விழுந்துகொண்டிருந்தது. அதைவிட மோசமான வரி ஒன்று இருந்தது. தங்கை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மெதுவாகத் தமிழில் சொன்னாள். லாபமே இல்லாத ஒரு ரூபாய்ப் பொருளை எதற்காக விற்கிறோம் என்று கம்பெனிக்குப் புரியவில்லை. திருட்டுக் கார்டுகளைச் சோதித்துப் பார்க்கவே இந்தக் கடை திறக்கப்பட்டதோ என்று சந்தேகிக்கிறார்கள். அதாவது, திருடனுக்கு நான் கூட்டாளி. விசாரணை முடியும்வரை கடை மூடியிருக்கும். திருப்தி இல்லையென்றால் நிரந்தரமாக மூடிவிடுவார்கள், வேறு கம்பெனியும் எங்களைச் சேர்த்துக்கொள்ளாது.

தங்கை தினமும் ஆபீசிலிருந்து கடிதம் எழுதினாள். தினமும் ஒரே பதில் வந்தது, பரிசீலனையில் இருக்கிறது என்று. அதற்குள் அடுத்த பௌர்ணமி வந்துவிட்டது. பரணிலிருந்து தார்ப்பாயை இறக்கினேன். எலி கடித்து மூலையில் ஓட்டை. மதியமே போய் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். வீட்டில் ஒத்திகையெல்லாம் ஆயிற்று. "வாங்க சார், ஒரிஜினல் ருத்ராட்சம்" என்று மனைவி எனக்குச் சொல்லிக் கொடுத்து, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்திருந்தாள். கூட்டம் வந்தது. நான் வாயைத் திறந்தேன். அந்தச் சமயம் பார்த்துக் கரும்புச்சாறு மிஷின் ஓட ஆரம்பித்தது. அது நின்றபின் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நின்றது; எனக்கு நேர் எதிரே ஒரு குடும்பமே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கரும்புச்சாறுக்காரருக்கே பொறுக்கவில்லை. "மாலை வேணுமா சார், பாருங்க" என்று எனக்காக அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். ஆனால் அவருக்கு அவர் வியாபாரம் இருந்தது. இருட்டுவதற்குள் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூட்டையை மனைவி வாங்கி வைத்தாள். எவ்வளவு விற்றது என்பது மூட்டையின் கனத்தைப் பார்த்தாலே தெரியும்.

அப்போதுதான் கவர்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதல் நாள் ஆறு. மறுநாள் பதினொன்று. அப்புறம் கட்டுக் கட்டாக. ஒவ்வொன்றிலும் அந்தந்த ஊர்த் தபால்காரர் சிவப்பு மையிலோ நீல மையிலோ ஏதாவது எழுதியிருந்தார்: இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை, இப்படி ஒரு தெருவே இல்லை, முகவரி போதாது. தங்கை அதைப் படித்து, ஒவ்வொரு கவரின் ஓரத்திலும் தமிழில் எழுதி வைத்தாள். எங்கள் தெருத் தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கட்டை நீட்டினார். "இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை வெச்சியா? ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டானே" என்றார். நான் சிரித்து வைத்தேன். தினமும் அவருக்கு ஒரு புது ஜோக் கிடைத்தது. மனைவி கவர்களைக் கீழே வைக்க விடவில்லை. உள்ளே இருப்பது திருநீறு. பூஜை அலமாரியில் இடம் போதாமல், ஒரு புது பிளாஸ்டிக் கூடை வாங்கி, அதில் அடுக்கி, அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தாள். கவர்கள் எல்லாமே திரும்பி வந்துவிடவில்லை. மதுரைக்குப் போட்ட ஒன்று எந்தப் புண்ணியவானுக்கோ போய்ச் சேர்ந்து, அனுப்பியது யார் என்றே தெரியாமல் அவர், கவரின் பின்னால் இருந்த எங்கள் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் கும்பிடும் கை அனுப்பியிருந்தார்.

கம்பெனியிலிருந்து ஒருவழியாக விசாரணைக்குக் கூப்பிட்டு மின்னஞ்சல் வந்தது. கூப்பிட்டது என்றால், வீடியோவில். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதைப் படித்ததும் வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சலூனில் கழுத்தில் துணி கட்டியபின் கண்ணாடியில் நம்மை நாமே பார்ப்போமே, அப்படி இருந்தது எனக்கு.

தங்கை எட்டு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது எட்டும் வந்தது. சாப்பிடும்போது ஆறு வந்தது. அன்றைக்குக் காலையில் தங்கை லீவு போட்டுவிட்டு வந்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, மனைவியோடு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

திரையில் ஒரு சின்ன வயது அம்மாள் வந்தார். தமிழ்தான் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். என்ன தொழில் என்று கேட்டார். "வணக்கம்" என்றேன். அது எட்டு வாக்கியத்தில் முதலாவது. இரண்டாவது வரவில்லை. அவர் காத்திருந்தார். சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

"தலையாட்டினா ரெக்கார்டுல வராது சார். வாயால சொல்லணும்."

வாயால் சொல்லத்தான் பார்த்தேன். தொண்டைக்குள் வார்த்தைகள் பஸ் படிக்கட்டில் நெரிகிற ஆட்கள் மாதிரி நின்றன. ஒன்று இறங்கினால்தான் மற்றது இறங்கும். அவர் தன் கேள்வித் தாளைப் பார்த்து அடுத்ததைக் கேட்டார். ஒரு ரூபாய்க்கு இந்தப் பொருளை விற்றதன் நோக்கம் என்ன? பதில் இல்லை. இத்தனை ஆர்டர் வந்தும் கம்பெனிக்கு ஏன் தெரிவிக்கவில்லை? பதில் இல்லை. பொருள் எதையாவது உண்மையில் அனுப்பினீர்களா? அவர் முகம் மாற ஆரம்பித்தது. பேசாமல் இருக்கிறவனைத் திருடன் என்று நினைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதப் போனார்.

கூடை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கவரை எடுத்தேன். சொந்தமாகப் பேசத்தானே வராது, எழுதியிருப்பதைப் படிக்க வருமே. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ஏ. எஸ். டி. எஃப்., நம்பர் ஒண்ணு ரெண்டு மூணு, மெயின் ரோடு, பட்னா. இப்படி ஆள் இல்ல."

அடுத்ததை எடுத்தேன். வெள்ளைக்காரப் பெயர், நாக்பூர், தெரு இல்லை. அதற்கடுத்தது. கவரைத் திரைக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன், ஸ்டாம்பைக் காட்டினேன், அதன்மேல் விழுந்திருந்த தபால் ஆபீஸ் முத்திரையைத் தேதியோடு காட்டினேன். கம்பெனி எங்கள் கணக்கை நிறுத்துவதற்கு முந்தின நாள் முத்திரை. அடுத்தது. அடுத்தது. குரல் முதலில் நடுங்கியது, அப்புறம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கிற மாதிரி ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் பத்தொன்பதாவது கவரைப் படிக்கும்போது, "போதும் சார்" என்றார். ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியாமல் இன்னும் மூன்று படித்தேன்.

"இதுக்குள்ள நிஜமாவே விபூதி இருக்குதா சார்?"

ஒன்றைக் கிழித்துக் காட்டினேன். கிழித்த வேகத்தில் பாதி போன்மேல் கொட்டியது. அவர் முகம் திருநீற்றுக்குள் மறைந்துபோனது. துண்டால் துடைத்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு ரூபாய்க்கு, அஞ்சு ரூபா ஸ்டாம்பு ஒட்டி, முந்நூறு பேருக்கு அனுப்பியிருக்கீங்க. ஏன் சார்?"

"சும்மா குடுக்கணும்னுதான் நெனச்சோம்மா. கம்ப்யூட்டர் சும்மா குடுக்க வுடல."

இது எட்டு வாக்கியத்தில் இல்லாதது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு, இதை ரிப்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை சார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். எல்லாக் கவரையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கதவைத் திறந்தபோது தங்கையும் மனைவியும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உள்ளே வந்தார்கள்.

எட்டு நாள் கழித்துக் கடை திறந்தது. அபராதத்தையும் எடுத்துவிட்டார்கள். நிபந்தனைகள் இரண்டு. நூறு ரூபாய்க்குக் கீழே எந்தப் பொருளும் கடையில் இருக்கக் கூடாது. அது சுலபமாக முடிந்தது. திருநீற்றைக் கடையிலிருந்து எடுத்துவிட்டோம், இனி ஒவ்வொரு மாலை டப்பாவிலும் ஒரு பொட்டலம் விலை இல்லாமல் போகும். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாமே என்றாள் மனைவி. செய்திருக்கலாம்தான். யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது நிபந்தனைதான் வம்பு. வெளிநாட்டுக் கார்டில் வரும் ஒவ்வொரு ஆர்டருக்கும், பொருளை அனுப்பும் முன் கடைக்காரர் வாடிக்கையாளரோடு பேசி, அவர்தான் வாங்கினாரா என்று உறுதி செய்து, அதை எழுதி வைக்க வேண்டும். வாயைத் திறக்காமல் விற்பதற்காக வைத்த கடை. இனி ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். இருந்தாலும் கரும்புச்சாறு மிஷினோடு போட்டி போடுவதைவிட இது மேல் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் ஆர்டர் ஒரு வெளிநாட்டு ஆளிடமிருந்து வந்தது, ஆனால் முகவரி அடி அண்ணாமலை. கூப்பிட்டேன். எடுத்தார். "ஹலோ" என்றேன். மூச்சுச் சத்தம் கேட்டது, பின்னால் ஒரு மயில் அகவியது. வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி மூச்சு, மயில். பிறகு ஒரு செய்தி வந்தது. தங்கையிடம் அனுப்பிக் கேட்டேன். அவர் நாற்பது நாள் மௌனத்தில் இருக்கிறாராம், பேச முடியாதாம், மாலை அவர் வாங்கியதுதானாம்.

"எந்தத் திருடனும் இதையேதான் சொல்லுவான்" என்றாள் தங்கை. "நேர்ல போய்ப் பாத்துட்டுக் குடு."

மாலையை எடுத்துக்கொண்டு மொபெட்டில் போனேன். வயல் ஓரத்தில் ஒரு வீடு, மாடியில் ஒரு அறை. என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஒல்லியான ஆள், வெள்ளை ஜிப்பா. டப்பாவைக் காட்டியதும் புரிந்துகொண்டார். உள்ளே போய் அவருடைய கார்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்து, பாஸ்போர்ட்டைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் இரண்டிலும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. மாலையைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டார். பொட்டலத்தைப் பிரித்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டு, எனக்கும் நீட்டினார். ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார், ஒரு வாழைப்பழம் கொடுத்தார். நான் சாப்பிட்டேன், அவரும் சாப்பிட்டார். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

திரும்பி வருவதற்குள் தங்கை மூன்று தடவை போன் செய்துவிட்டாள்.

"அந்த ஆளுதானா?"

"அவருதான்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ இன்னா கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல."

"அப்ப கம்பெனிக்கு இன்னான்னு எழுதறது?"

பேசி உறுதி செய்தோம் என்றே எழுதச் சொன்னேன்.